ராக்கெட்டுக்கு அடித்த தூக்கு மேளம்

ராக்கெட்டுக்குச் சாவு மேளம் போட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமென்று போடவில்லை. மச்சான் தூங்கிவிடக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். லிங்கி பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்துக்கும் ஆலைக்குமாக ஓடியதைக் கூட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பிப் பாதி வழி வந்திருப்பேன் என்பார். அவருடைய நெஞ்சில் மூன்று இடத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து குழாய் எடுத்து ஒட்டுப்போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேதிக்காக ஏழு மாதம் காத்திருந்ததில் ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அந்தக் காகிதத்தை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அந்த வியாழன் தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை மச்சான் தாங்குவாரா என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நீலாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு பாரோயில் கார் கழுவினேன். அதற்கு முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன்பு என்ன என்பது அக்காவுக்கே மறந்துவிட்டது. படிப்பு இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்போடு நின்றது. கையில் ஒரு பை, ஒரு பழைய மடிக்கணினி.

"வந்துட்டியா? எத்தனை நாளைக்கு?" என்றாள் அக்கா.

"மச்சான் ஆப்பரேஷன் முடியிற வரைக்கும்."

"பின் ரூம்ல உரமூட்ட கெடக்கு. நகத்திட்டுப் படு. பசியாறிட்டியா?"

எங்கள் குடும்பத்தில் வரவேற்பு இவ்வளவுதான். எனக்கு இதுவே அதிகம்.

மச்சானுக்குப் பொழுது போகவில்லை. லாரி ஓட்டக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, கோபப்படக் கூடாது, கறி கூடாது. மீதி இருப்பது என்னோடு பேசுவது. அதுவும் இரண்டு நாளில் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் என் மடிக்கணினியில் எனக்குப் பிடித்த ஒரு விண்வெளிப் படத்தைப் போட்டேன். பழைய ஆங்கிலப் படம். தூரத்துக் கிரகத்தைச் சுற்றும் ஒரு நிலையத்தில் வழிகாட்டும் விளக்கு அணைந்துவிடுகிறது. வயதான பொறியாளர் ஒருவர் தனியாகப் போய், விளக்கை மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைப் பார்க்கிறார். கதை அவ்வளவுதான். பேச்சு குறைவு, இசை அதிகம். நூறு வயலின்கள் ஒன்றாக மூச்சு விடுவதுபோல் ஓர் இசை.

பத்தாவது நிமிஷம் மச்சான் குறட்டை விட்டார்.

"என்ன மச்சான், இப்பத்தான் ராக்கெட்டே கெளம்புது!"

கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "ராக்கெட்டு கெளம்பட்டும்லா. இதெல்லாம் ஒரு பாட்டா? ஐஸ்பெட்டி ஓடுற மாதிரி ஒரே ஊங்காரம். எவனுக்குத் தூக்கம் வராது?"

அப்போதுதான் அந்த நேப்பாளி நினைவுக்கு வந்தான். நீலாய் விடுதியில் என் மேல் கட்டிலில் படுத்திருந்தவன். வெளிநாடுகளில் சிலர் இதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள் என்று அவன்தான் காட்டினான். பிடித்த படத்தின் இசையை உருவிவிட்டு, வேறு இசையைப் போட்டு, தங்களுக்குள் காட்டிக்கொள்வார்கள். ஒருத்தர் ஒரு முழுப் படத்துக்கும் தவளைச் சத்தம் மட்டும் போட்டிருந்தார். நேப்பாளி தன் மலைக் கிராமத்துப் புல்லாங்குழலை வைத்து ஒரு விண்வெளிச் சண்டையை ஓட்டிக்கொண்டிருந்தான். லேசர் துப்பாக்கிகளுக்கு நடுவே ஆடு மேய்ப்பதுபோல் இருந்தது. இவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சத்தத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், படத்தில் ஒரு கட்டத்தையும் வெட்டக் கூடாது.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. வாழ்க்கையில் நான் மீறாத ஒரே சட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

இசையை எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். படத்தின் ஒலி தனித்தனித் தடங்களாக இருக்கிறது. பேச்சு நடுத் தடத்தில். மற்றத் தடங்களை அணைத்தால் இசை போய்விடும். ஆனால் இசையோடு சேர்ந்து எஞ்சின், கதவு, காற்று, காலடி எல்லாமே போய்விடும். மனிதர்கள் சத்தமில்லாமல் கதவு திறந்து சத்தமில்லாமல் விண்வெளிக்குப் போனார்கள். எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும்.

மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த மூன்று வாரமும் அவர் பகலில் தூங்கவே இல்லை.

விண்கலத்தின் கதவுக்கு லாரியின் பின்கதவு. அபாயச் சங்குக்கு ஆலைச் சங்கு. நிலையத்தில் பொறியாளர் நடக்கும் இரும்பு நடைபாதைக்கு, ஆற்றுக்குப் போகும் வழியில் உள்ள பலகைப் பாலம். ராக்கெட் எஞ்சினுக்குப் புல்வெட்டும் இயந்திரத்தை வைத்தேன். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை.

"இவ்ளோ பாரத்தத் தூக்கிட்டு ஏறுறவன் மொதக் கியர்ல ஏறணும். உன் ராக்கெட்டு நேரா மூணாவது கியருக்குப் போவுது. பாதி மேட்டுல நின்னுரும் பாரு."

ஆலைக்கு ஏறும் மேட்டில், வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிறையக் குலை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஏறிய லாரியைப் பதிந்துகொண்டு வந்தேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "இப்ப ஏறும்."

தலைக்கவசத்துக்குள் கேட்கும் மூச்சுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். காலி பிஸ்கட் டின்னை மச்சான் முகத்தில் கவிழ்த்து மூச்சு விடச் சொன்னேன். ஹூ... ஹா... ஹூ... ஹா... அவருடைய மூச்சில் நடுவே ஒரு சின்ன விசில் இருக்கும். விண்வெளி வீரனுக்கு அதைவிடப் பொருத்தமான மூச்சு கிடைக்காது. அக்கா அப்போது காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள்.

கடைசியில் இசை. எதிர்வீட்டில் இருந்த அண்ணன், குலை அறுப்பவர். தோட்டத்து உறுமி மேளக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆறு பேர்; ஆறு பேரும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள். திருவிழாவுக்குச் சாமியை அழைத்து அனுப்பும் மேளத்தைப் பதிந்து என் போனுக்கு அனுப்பி வைத்தார். கேட்டால் உட்கார முடியாது. அப்படி ஓர் அடி.

ராக்கெட் தரையை விட்டு எழும்பி ஆகாயம் கடக்கும் காட்சி இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. அண்ணன் அனுப்பியது அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். படத்தை வெட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் மேளத்தை இழுத்தேன். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். எஞ்சினோடு ஒட்ட வேண்டும், மூச்சோடு ஒட்ட வேண்டும் என்று மூன்று மூன்று விநாடியாகத் துண்டு போட்டு, காதில் மாட்டிக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். மூன்று விநாடியாகக் கேட்கிறவனுக்குச் சத்தம் தெரியும், மேளம் தெரியாது. சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்தவன் குழைந்துவிட்டதா என்று எப்படிச் சொல்வான்?

அக்கா பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டாள். "தம்பி என்னமோ படம் எடுத்திருக்கான்." படம் எடுக்கவில்லை என்று விளக்கிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஆப்பரேஷனுக்கு முந்திய ஞாயிறு மதியம் தோட்டத்து மண்டபத்தில் காட்டுவது என்று முடிவானது. ஜன்னல்களை உரச்சாக்காலும் நீலக் கித்தானாலும் அடைத்தோம். கோயில் விழாவுக்கு வாங்கி வைத்திருந்த, படம் காட்டும் கருவியைத் தந்தார்கள். அறுபத்தி மூன்று பேர் வந்தார்கள் என்று பிறகு எண்ண வேண்டி வந்ததால் எனக்குச் சரியாகத் தெரியும்.

ஆரம்பம் அமோகம். ஆலைச் சங்கு ஒலித்து விண்வெளி நிலையம் பரபரத்தபோது மண்டபமே சிரித்தது.

"டேய், ஷிப்டு மாத்துறாங்கடா!"

"அது நம்ம பாலம்லா! அந்த மூணாவது பலக ஆடுற சத்தம் பாரு!"

மச்சான் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். "எஞ்சின் நான் சொன்னது" என்று வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராக்கெட் எழும்பியது. லாரி முதல் கியரில் முக்கியது. மச்சானின் மூச்சு டின்னுக்குள் ஹூ, ஹா என்றது. மேளம் தொடங்கியது.

நான்காவது அடியில் எனக்கு விளங்கிவிட்டது. மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில், முழுசாக, முதல் தடவையாக அப்போதுதான் நானும் கேட்கிறேன். உறுமி தேம்பியது. தப்பு மேளம் ஒவ்வோர் அடியாக நடந்தது. பாடையை வாசலில் தூக்கும்போது அடிக்கிற அடி. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பின்வரிசையில் ஆண்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். நாற்காலிகள் வரிசையாகக் கிரீச்சிட்டன. பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் ராக்கெட் மெதுவாக, மிக மெதுவாக, அறுபத்தி மூன்று பேரின் மரியாதையோடு மேலே போனது. ஆகாயத்தைக் கடந்தது. அங்கே காற்றில்லை, அதனால் எல்லாச் சத்தமும் நின்றுவிட வேண்டும். விஞ்ஞானப்படி நான்தான் அப்படி அமைத்திருந்தேன். மேளம் நின்றது. எஞ்சின் நின்றது. மூச்சும் நின்றது.

இருட்டில் யாரோ கேட்டார்கள்: "ஆள் போய்ட்டானா?"

அக்கா எழுந்து வெளியே போனாள்.

படத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கதை அவர்களுக்கு இப்போது வேறு கதையாகிவிட்டது. நாயகன் குழாயிலிருந்து உணவை உறிஞ்சியபோது ஒரு குரல்: "செத்தவன் எப்படிலா சாப்புடுறான்?"

"படையல் வச்சிருப்பாங்க."

"கறி வச்சாங்களா, சைவமா?"

விளக்கை மாற்றியபோது, "மோட்ச வெளக்கு" என்றார் ஒருவர். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது பின்வரிசை உச்சுக்கொட்டியது. "ஐயோ பாவம், அவளும் போய்ட்டா போல." முடிந்ததும் பலர் என் கையைப் பிடித்து நல்ல படம் என்றார்கள். ரொம்ப ஆழமான படம் என்று, தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழைய மண்டோர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது என் பை வாசலில் இருந்தது. அக்கா கத்தவில்லை. அவள் கத்தினால் பயமில்லை.

"அது யாரு மூச்சு?"

நான் பையைப் பார்த்தேன்.

"இருவத்தெட்டு வருஷமா பக்கத்துல படுக்கிறேன். எனக்குத் தெரியாதா அந்த விசிலு? தூக்கு மேளத்துக்கு அடியில என் புருஷன் மூச்ச வச்சு, அத நிறுத்தியும் போட்டு, ஊரக் கூட்டிக் காட்டியிருக்க."

"அக்கா, அது மேளத்த இழுத்ததுல..."

"தூக்கு மேளம் அடிச்சா தூக்காம நிக்காது. வீட்ல பொணம் இல்லாதப்ப அத வாயால பாடுனாக்கூட எங்கம்மா அடிப்பாங்க. ஒனக்கும் அவங்கதான அம்மா?" சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதத்தை எடுத்தாள். "நாளைக்கு போன் போட்டு தேதிய மாத்தச் சொல்லப் போறேன். இந்த வியாழன் இவர அனுப்ப மாட்டேன்."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். "ஏய், சும்மா இருலா. எவனோ வெள்ளக்காரன் ராக்கெட்டுல போனான். எனக்கென்ன?"

"நீங்க பேசாதீங்க. டின்னுக்குள்ள தலைய விட்டது யாரு?"

மச்சான் எழுந்து வெளியே போனார். சற்று நேரம் கழித்து என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள, மோட்டர் கிராண்ட் பத்திரம் பீரோவுல மேல் தட்டுல இருக்கு. வீட்டுச் சாவி இன்னொன்னு அரிசி டின்னுல. சும்மா சொல்லி வைக்கிறேன்." அவருடைய வலது கை சட்டைக்கு மேலே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

நான் பல ஊர்களில் பல வேலைகளைக் கெடுத்திருக்கிறேன். கெடுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது என் வழக்கம். பை வாசலில் தயாராகவே இருந்தது. ஆனால் தேதி மாறினால் மச்சான் என்ன ஆவார்? பையை எடுத்துப் பின்னறை உரமூட்டை மேல் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்குப் போய் மேளக்கார அண்ணனைப் பிடித்தேன். ஞாயிறு அவர் வேறு ஊரில் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் படம் பார்க்கவில்லை. காதில் மாட்டிக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அலாமாக்! தம்பி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"நீங்க அனுப்புனதுதான்ணே. கொஞ்சம் மெதுவாக்குனேன்."

"அதான் தப்பு. ரெண்டுக்கும் ஒரே கைதான், ஒரே கணக்குதான். வேகமாப் போனா சாமி. மெதுவாப் போனா பொணம். நடுவுல இருக்கிறது மனுசன் போற வேகம். அந்த வேகத்துல எவனும் அடிக்கிறதில்ல."

அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் அரிவாளை வாசலில் சாத்திவிட்டு, கைகட்டி நின்று, அக்காவிடம் பேசினார்.

"தங்கச்சி, தப்பாத் தூக்கிட்டான். சாமி மேளத்த அதே ராக்கெட்டுக்கு அடிச்சு ஒழுங்கா அனுப்பி வைக்கிறோம். போனவனத் திரும்பக் கூட்டியாறோம். பதிஞ்சத இழுத்துப் போட வேணாம். நாங்களே நேர்ல வந்து அடிக்கிறோம்."

அக்கா யோசித்தாள். கோயிலில் நேர்ந்துகொண்டதை மாற்றுகிற மாதிரி நிதானமாக யோசித்தாள்.

"பாத்தவங்க அத்தன பேரும் மறுபடி பாக்கணும். ஒரு ஆள் கொறையக் கூடாது."

"சரி."

"அவரு மூச்சு நிக்கக் கூடாது. படம் முடிஞ்சு பேரு ஓடுற வரைக்கும் ஓடணும்."

"அக்கா, அவன் தலைக்கவசத்தக் கழட்டிட்டுச் சோறு திங்கிற இடமெல்லாம் இருக்கு. அங்க எப்படி..."

"ஓடணும்."

"சரி."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பேன். புதன் காலையில ஆஸ்பத்திரில படுக்கச் சொல்லியிருக்காங்க."

மடிக்கணினியில் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. விண்வெளியில் மூச்சு கேட்காது என்ற விஞ்ஞானத்தை விட்டுவிட்டேன். ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலை. அறுபத்தி மூன்று பேரின் பட்டியலை அக்காவே சொல்ல, அரிசி மூட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். பலர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். சிலர் பேரம் பேசினார்கள். பாலத்தில் என் காலடியையும் சேர்த்துக்கொள் என்றார் ஒருவர். பழைய மண்டோர் வர மறுத்தார். அவருக்குப் படம் இப்போதிருக்கிறபடியே பிடித்திருந்தது. திருத்தினால் ஆழம் போய்விடுமாம். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "ஒருத்தர் உசுரு விஷயம், ஆழமாவது மண்ணாவது, சட்டையப் போடுங்க" என்றதும் கிளம்பினார். பக்கத்து வீட்டு அத்தை தன் மகளைப் பார்க்கப் பாரோய்க்குப் போய்விட்டார். மச்சானின் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய், மழையில் நனைந்து, அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் ஒரே கேள்வி. "ஏம்பா, அந்தப் பொண்ணு செத்ததுக்குக் காரணம் என்னா?"

செவ்வாய் மாலை ஐந்தரை மணி. சாக்குகளை மறுபடி கட்டினோம். மேளக்காரர்கள் காட்டிலிருந்து நேராக, கால்சட்டையில் செம்பனை முள்ளோடு வந்தார்கள். சாமி மேளம் என்பதால் விளக்கேற்ற வேண்டும் என்றார்கள். விளக்கை எங்கே வைப்பது என்று கொஞ்சம் வாதம். கடைசியில் படக்கருவிக்குப் பக்கத்தில் வைத்தோம். யாரோ எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி மடிக்கணினிக்கு இரண்டு பக்கமும் வைத்தார்கள். மடிக்கணினிக்குத் திருநீறு பூசியது யார் என்று இன்றுவரை தெரியாது. இன்றும் சில பொத்தான்கள் அழுத்தினால் நறநறக்கும்.

அக்கா வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். அறுபத்தி மூன்று. கதவைச் சாத்தினாள்.

ராக்கெட் முக்கியது. மச்சானின் மூச்சு தொடங்கியது. அண்ணன் கையை உயர்த்தினார். ஆறு பேரும் சாமி அடியில் இறங்கினார்கள். உரச்சாக்குகள் அதிர்ந்தன. நாற்பது விநாடிகூட ஆகவில்லை, பக்கத்து வீட்டு அத்தையின் தோள் துள்ளத் தொடங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்குச் சாமி வந்தால் சும்மா போகாது. குறி கேட்க வேண்டும், எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், ராக்கெட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். அண்ணன் அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்தார். அத்தை நின்றார். ஆனால் மேளம் இறங்கியது, இன்னும் இறங்கியது. உறுமியில் ஒரு தேம்பல் எட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் பதறி வேகத்தைக் கூட்டினார். அத்தையின் தோள் மறுபடி துள்ளியது.

இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ராக்கெட் ஏறி முடிக்கவில்லை. வெட்ட எனக்கு உரிமையில்லை. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் பாடை, நடுவில் எவரும் அடித்துப் பழகாத வேகம்.

அப்போது மச்சான் எழுந்தார். ராக்கெட் பக்கமாகக் கையை நீட்டி, மேட்டில் லாரியை ஏற்றிவிடும் ஆள் குரல் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

"போ... போ... போ... போ... அப்படியே... போ... போ..."

முப்பது வருஷம் அந்த வேகத்தில் லாரி ஏற்றியவர். அவசரமில்லை, தயக்கமுமில்லை. அண்ணன் சட்டென்று அவரைப் பார்த்தார். அவருடைய "போ"வில் ஓர் அடி வைத்தார். அடுத்த "போ"வில் அடுத்தது. ஆறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். அத்தை அடங்கிச் சாய்ந்து உட்கார்ந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை.

"கத்தாதீங்க, நெஞ்சு!" என்று அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"சும்மா இரு, மேடு முடியல! போ... போ... வலது ஒடி... போ..."

மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. போ, போ, போ என்று அறுபத்தி மூன்று பேரும் ராக்கெட்டை மேலே தள்ளினோம். ஆகாயம் கடந்தது. மேளம் நின்றது, எஞ்சின் நின்றது. அமைதியில் டின்னுக்குள் மூச்சு மட்டும் விசிலோடு போய்க்கொண்டிருந்தது. ஹூ... ஹா... அக்கா உட்கார்ந்தாள்.

அப்புறம் மூச்சு நிற்கவே இல்லை. குழாயில் உறிஞ்சும்போதும் ஹூ, ஹா. விளக்கை மாற்றும்போதும் ஹூ, ஹா. தூங்கும்போதுகூடத் தலைக்கவசம் இல்லாமல் ஹூ, ஹா. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பூமிக்குத் திரும்பி விண்கலம் பின்புறமாக மெல்ல இறங்கியபோது யாரும் சொல்லிக் கொடுக்காமலே, லாரி பின்னுக்கு வரும்போது கத்துகிற கத்தலை எல்லோரும் கத்தினார்கள்.

"கோஸ்தான்! கோஸ்தான்! கோஸ்தான்! ஆ... நிப்பாட்டு!"

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ சாகலையா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

அக்கா வீட்டுக்குப் போய்க் காகிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

புதன் படுக்கை. வியாழன் காலை மச்சானைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தானாகத் திறக்கும் கதவு; லாரியின் பின்கதவுபோல் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. போகும்போது அவர் தலையைத் தூக்கி, "மொதக் கியர்ல போகச் சொல்லு மாப்ள" என்றார். தாதி அவர் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தாள்.

காத்திருக்கும் அறையில் அக்கா மடியில் கைப்பையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இப்ப எவ்ளோ தூரம் போயிருப்பாரு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "நெலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரு. வெளக்க மாத்திக்கிட்டு இருப்பாரு."

"அது எவ்ளோ நேரம் ஆவும்?"

"படத்துல பதினோரு நிமிசம்."

"நெசத்துல?"

"கொஞ்சம் கூட ஆவும்க்கா."

ஐந்து மணி நேரம் ஆனது. டாக்டர் வந்து, ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். அக்கா அவருக்குக் கைகூப்பிவிட்டு, என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கான அடி அது என்று எனக்குப் புரிந்தது.

பத்தாம் நாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். நெஞ்சு நடுவே நீளத் தையல். இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். சிரிக்கக் கூடாது, சிரித்தால் தையல் உயிர்போகிற மாதிரி வலிக்கும். தோட்டத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கோஸ்தான், கோஸ்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். மச்சான் தலையணையை அணைத்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரித்து, வலியில் துடித்தார். அக்கா எல்லோரையும் விரட்டிவிட்டாள்.

அன்று மதியம் அவர் கேட்டார்: "மாப்ள, நம்ம படத்தப் போடு."

"அதெல்லாம் கூடாது" என்றாள் அக்கா. "சிரிப்பு வரும். தையல் பிரியும்."

"அப்ப என்னதான் செய்றது? தூக்கமும் வர மாட்டேங்குது."

அக்கா மடிக்கணினியைப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள்.

"அந்தப் பழசு இருக்கா? மொதல்ல போட்டியே, வெள்ளக்காரன் பாட்டு?"

இருந்தது. மூன்று வாரம் பாடுபட்டு நான் உருவி எறிந்த இசை, அதே மடிக்கணினியில் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. திருநீறு நறநறத்த பொத்தானை அழுத்தினேன். நூறு வயலின்கள் ஒன்றாக மூச்சு விட்டன. மச்சான் முகத்தைச் சுளித்தார்.

"ஐஸ்பெட்டி..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

ஒன்பதாவது நிமிஷத்தில் கண் மூடிக்கொண்டது. தலையணை அணைப்பிலிருந்து நழுவியது. ராக்கெட் எழும்பும் இடம் வந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சில் அந்த விசில் இப்போது இல்லை.

"நல்ல பாட்டுதான்" என்றாள் மெதுவாக. "முடிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து போடு."